பலகைக்காரி வெட்டிய பன்னிரண்டு பலகைகள்

பலகைக்காரியின் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. சமையலறைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் கம்ப்யூட்டர் சொன்ன அளவில் மரத்தை வெட்டித் துளைக்கும் ஒரு சிஎன்சி மெஷினை வைத்துக்கொண்டு, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய மர விளையாட்டுப் பலகைகளை வெட்டி விற்றாள். முக்கோணமாகப் பதினைந்து துளை, பதினான்கு குச்சி. ஒரு குச்சியால் இன்னொன்றைத் தாண்டி, தாண்டியதை வெளியே எடுக்க வேண்டும். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சினால் ஜெயம். கம்ப்யூட்டரில் வரைவதும் அவள், கிளாம்ப் போட்டு மரத்தை இறுக்குவதும் அவள், மரத்தூளில் தும்மித் தீர்ப்பதும் அவளேதான்.

அவளுடைய அண்ணன் தையல்காரர். பக்கவாதம் வந்து வலது கை சொன்னபடி கேட்காமல் போனது. பயிற்சிக்கென்று மருத்துவர் கொடுத்த ரப்பர் பந்தை, "நான் என்ன பச்சைப் புள்ளையா?" என்று மூலையில் எறிந்தார்.

தங்கை லேசுப்பட்டவளா? "சரி, என் பலகையை ஆடிப் பாத்துக் குறையாவது சொல்லு. வாய் நல்லாத்தானே இருக்கு?"

குறை சொல்வதென்றால் அவரைக் கேட்கவா வேண்டும்! வாரம் ஒரு புதுப் பலகை வந்தது. விளிம்பு சொரசொரக்கிறது, மெருகு பத்தாது என்று திட்டிக்கொண்டே வலது கையால் குச்சிகளை நட்டார். பன்னிரண்டாம் வாரம் திட்டு நின்றுபோனது.

"எல்லாத்தையும் நட முதல் வாரம் நாலு நிமிஷம் ஆச்சு. இன்னைக்கும் அதே நாலு நிமிஷம். இந்தக் கை இனிமே ஊசி பிடிக்காதும்மா. என் தையல் மெஷினை யாருக்காவது குடுத்துடு."

தன் கெட்டிக்காரத்தனமே இப்படிக் காலை வாரும் என்று கனவா கண்டாள்? ஓடிப்போய் முதல் வாரப் பலகையை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். "இதுல நடு."

குச்சி பொத்தென்று இறங்கி, துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. பதினான்கையும் நட்டு முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணன் திருதிருவென்று விழித்தார்.

"வாராவாரம் துளையைக் கொஞ்சங்கொஞ்சமா சின்னதாக்கினேண்ணே. கம்ப்யூட்டர்ல ஒரு நம்பரை மாத்தினாப் போதும். சொன்னா நீ பயந்துடுவியோன்னு சொல்லலை. குச்சி மட்டும் மாறவே இல்லை."

"அடிப்பாவி! மூணு மாசமா கூடப்பிறந்தவனையே ஏமாத்தியிருக்கியா!"

அண்ணனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பேர்ப்பட்ட தங்கை வாய்க்க ஒருவன் கொடுத்து வைத்திருக்க வேண்டும்! அவள் சட்டமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் முந்தானையாலேயே அவர் முகத்தைத் துடைத்தாள்.

"மெஷினை யார்கிட்ட குடுக்கட்டும்?" என்று வேண்டுமென்றே கேட்டாள்.

"யாருக்கும் குடுக்காதே," என்றார் அண்ணன். "நீ துளையைக் குறைச்சுக்கிட்டே வா. ஊசிக்காது அளவுக்கு வந்ததும் சொல்லு."