வெட்டுவதற்கு முன் கேட்டுவிடும் அமலா அக்கா

சென்ற வியாழக்கிழமை காலை மணி ஒன்பது பத்து. திறக்காத மின்னஞ்சல்கள் பதினாறு. நான்காவதைத் திறக்கும்போது அமலா அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாண்ணே" என்றார். சிறுநீரகம் பழுதாகிச் சில மாதங்களாகவே அக்கா படுக்கையில் இருந்தார். மற்ற அஞ்சல்கள் மாலைவரை அப்படியே கிடந்தன.

நம் பனியன் கம்பெனியில் அவரும் நானும் 2004இல் ஒரே வாரத்தில் மெர்ச்சண்டைசர்களாகச் சேர்ந்தோம். நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் எழுதுவதைப் படித்து, தயாரிப்பில் இருப்பவர்களுக்குச் சொல்வது வேலை. நான் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவன். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பையரிடம் திருப்பிக் கேட்டவரும் அவர்தான். எனக்கு எரிச்சலாக இருக்கும். பிறகு எதற்குப் படித்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

"படிச்சதுனாலதான் தம்பி பயம். இங்கிலாந்துக்காரங்க நல்லாருக்குன்னு சொல்லணும்னா 'மோசமில்லை'ம்பாங்க. சுமாருன்னு சொல்லணும்னாலும் 'மோசமில்லை'ம்பாங்க. எதுன்னு கேட்டாத்தான தெரியும்?"

ஒருமுறை இங்கிலாந்திலிருந்து குழந்தைகள் இரவு உடைக்கு ஆர்டர். சாம்பிளைப் பார்த்துவிட்டுப் பையர் அம்மாள் எழுதியிருந்ததைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் இப்படி வரும்: "நீளம் ஓர் அங்குலம் கூடினால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்." ஆட்சேபணை இல்லை, கூட்டினாலும் சரி, கூட்டாவிட்டாலும் சரி என்று நான் கணக்குப் போட்டேன். முதலாளியும் அதையே சொன்னார். மேசையில் துணி விரித்தாயிற்று. கட்டிங் மாஸ்டர் மெஷினைக் கையில் எடுத்துவிட்டார். அமலா அக்கா போய்த் துணிமேல் கையை வைத்தார்.

"சோறு வேண்டாம்ங்கிறவன் எந்திரிச்சுப் போயிருவான் சார். வேண்டாம்னு சொல்லமாட்டேங்கிறவன் தட்டையே பாத்துக்கிட்டு இருப்பான். அந்தம்மா கேக்குது. கூச்சப்பட்டுக் கேக்குது."

"ஏனுங்க அமலா, போன் போட்டுக் கேட்டா நமக்கு இங்கிலீசே தெரியிலீன்னு நெனைக்க மாட்டாங்களா? ஆர்டரு கைய விட்டுப் போச்சுன்னா நீங்களும் ஊரப் பாத்துக் கெளம்பிக்கலாமுங்க."

அவ்வளவு கோபத்திலும் முதலாளிக்கு 'ங்க' குறையவில்லை.

"கெளம்புதேன் சார். ஆனா வெட்டுன துணிய யாரு நீட்டுவா?"

மதியம் இரண்டரை, அங்கே அப்போதுதான் அலுவலகம் திறந்திருக்கும். அமலா அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டார். எம்.ஏ. ஆங்கிலம் எதையும் எடுக்கவில்லை. ஓர் அங்குலம் கூட்ட வேண்டுமா, வேண்டாமா, ஒரே சொல்லில் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார். மறுமுனையில் அந்த அம்மாள் சிரித்தார். வேண்டும் என்றார். பழைய நீளத்திலேயே அனுப்பியிருந்தால் எடுத்திருக்கமாட்டோம் என்றும் சொன்னார். முதலாளி வெளியே போய்விட்டார். மறுநாளிலிருந்து கட்டிங் அறைக்குள் நுழையும்போதே கேட்பார்: "அமலா கேட்டாச்சுங்களா?"

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே, "ஒண்ணும் பிரச்சினை இல்லையேக்கா?" என்றேன்.

"இதென்ன கேள்வி? இல்லைன்னு சொன்னா ஓடிரலாம்னு பாக்கியா? வலிக்கான்னு கேளு."

கேட்டேன்.

"வலிக்கி. செத்த உக்காந்துட்டுப் போ."

உட்கார்ந்தேன். அவர் அம்மா எனக்கு டீ ஆற்றிக் கொடுத்தார். கட்டிங் மாஸ்டர் புதிதாக வைத்திருக்கும் மீசையைப் பற்றிப் பேசிச் சிரித்தோம்.

அவரைத் தெரிந்த நீங்கள் அவர் நினைவாக ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள். கேட்கக் கூச்சப்படாத அந்தக் குணத்தை நான் வைத்துக்கொள்கிறேன். வைத்துக்கொண்டு செய்யப்போவது:

1. ஒரே வரியில் இரண்டு மறுப்பு வந்தால், பையரிடம் கேட்ட பிறகே துணியில் மெஷின் இறங்கும்.

2. அக்காவின் நாற்காலிக்கு வருபவர் கேட்பதற்காகப் போனை எடுத்தால் பக்கத்தில் நிற்பேன். முதலாளி சத்தம் போட்டால் பதில் என்னுடையது.

3. ஞாயிற்றுக்கிழமை நெருப்பெரிச்சலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் அவர் அம்மாவைப் பார்ப்பேன். "தைரியமாத்தானே இருக்கீங்க?" என்று கேட்கமாட்டேன். "கஷ்டமா இருக்காம்மா?" என்று கேட்பேன். அவர் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கமாட்டேன்.