செலவிலும் ஒரு பங்கு

எண்ணூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில், செலவுக் கணக்குப் போடும் காஸ்டிங் செக்‌ஷனில் நான் சேர்ந்த புதிதில், கடற்படை ரோந்துப் படகுக்காகச் செய்த புது மாதிரிக் கதவு டெஸ்டில் ஒழுகிவிட்டது. தண்ணீரே புகக் கூடாத கதவு. வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

மாதிரி செய்யும் செலவை அரசும் கம்பெனியும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒழுகிய கதவு யார் பங்கு? முழுக்கக் கம்பெனி தலையில் விழுந்தால், வெல்டர் சேகர் அண்ணனின் கேங்கையே நிறுத்திவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். செலவைப் பங்கு பிரித்து ஸ்டேட்மென்ட் போடும் வேலை என்னிடம் வந்தது.

சேகர் அண்ணன் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "கவர்மென்ட் பங்குல தள்ளிவுடு நைனா. அவங்களுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?"

எனக்குப் பங்கு என்றால் காசிமேட்டுப் பங்குதான். அப்பா மீன்பிடி லாஞ்சில் போகிறவர். மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ் செலவை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தை ஓனரும் ஆட்களும் பிரித்துக்கொள்வார்கள். நானும் ஒழுகிய கதவைப் பொதுச் செலவு என்று எழுதி, மொத்தச் செலவிலிருந்து கழித்து, மிச்சத்தைப் பங்கு பிரித்தேன். யாருக்கும் நஷ்டமில்லை. அது எப்படி என்று எனக்கே குழப்பமாகத்தான் இருந்தது.

சரிபார்க்க வந்த அரசுத் தரப்பு மேடம் அந்த வரியில் நின்றார். படகுக் கணக்கை விளக்கினேன்.

"சரி தம்பி. அங்க மீன் வித்த காசுலேர்ந்து கழிக்கிறீங்க. இங்க எந்த மீனை வித்தீங்க?"

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏன் ஒழுகியது என்று மேடம் கேட்டார். வெல்டிங் தொடங்கிய பிறகு அரசுத் தரப்பிலிருந்தே டிராயிங் மாறி வந்தது. வெல்டிங்கிலும் ஊசித்துளைகள் இருந்தன. டிராயிங் மாற்றத்தால் ஆனதைப் பங்கில் சேர்க்கலாம், வெல்டிங் குறை உங்களுடையது என்று சொல்லிவிட்டார். ஒரே கதவில் எதுவரை டிராயிங், எங்கிருந்து வெல்டிங்? பிரித்தவன் நான்தான். சரியாகப் பிரித்தேனா, தெரியாது.

கேங்கில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. சேகர் அண்ணன் தப்பினார். என்மேல் அவருக்குக் கோபமில்லை.

"நீ போட்டது கரீட்டுதான்பா. வூட்டுக்குப் போன பசங்க யார் பங்குல போனானுங்க? அத எதுல எழுதினே?"

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: பங்கு என்று கேட்டதும் பிரிக்க உட்காராதீர்கள். பிரிப்பது வரவையா, செலவையா என்று முதலில் கேளுங்கள். அண்ணன் கேட்டதை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.