குளத்து வெளிச்சம் தொட்ட கோடு

1959 பிப்ரவரி 18, புதன்கிழமை, காலை ஏழு மணி ஐம்பத்தைந்து நிமிடம். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. காற்று துளியும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த வாத்தியாரின் கைக்கடிகாரம் எட்டு காட்டியது. அது ஐந்து நிமிடம் முந்தி ஓடும், கழித்துத்தான் சொல்கிறேன்.

மலையில் பூண்டிக்கும் மேலே இருந்த எங்கள் ஊரில் அப்போது ஒரே குளம். அதன் மேற்குக் கரையில் ஒரு பாறை, கூரைபோலத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். கிழக்கு மலையைத் தாண்டி வெயில் குளத்தில் விழுந்ததும், தண்ணீர் திருப்பியடிக்கும் வெளிச்சம் அந்தப் பாறைக்கு அடியில் மெல்ல மேலே ஏறும். உள்ளே ஒரு சுண்ணாம்புக் கோடு. வெயில் விழுந்ததிலிருந்து வெளிச்சம் அதைத் தொடும்வரை மடைத் தண்ணீர் எங்கள் வெள்ளைப்பூண்டு வயலுக்கு. தொட்டபின் உச்சிப்பொழுதுவரை கீழ்வயல் அத்தைக்கு. உறவு இல்லை, ஊரே அவரை அத்தை என்றுதான் கூப்பிடும்.

காற்றடித்தால் வெளிச்சம் நூறு துண்டாகிக் குதிக்கும். எப்போது தொட்டது என்று சண்டை வரும். உறைபனியில் தண்ணீர்மேல் மெல்லிய ஆடை கட்டிய நாளில், ஈரத்துணியை ஒட்டியதுபோல் மங்கலாக அசையாமல் நிற்கும். மேகம் மூடினால் குத்துமதிப்புதான்.

எனக்குப் பத்து வயது. ஐயாயிரம்வரை ஒரே சீராகப் பிசகாமல் எண்ணுவேன். வெயில் விழுந்ததிலிருந்து கோட்டைத் தொடும்வரை பத்தொன்பது நாள் எண்ணியிருந்தேன். குளம் நிறைந்திருந்தபோது 2,600. வற்ற வற்றக் கூடி, முந்தின நாள் 3,350. அன்று இரவு முகட்டில் பெய்த மழை எங்கள் வயலை நனைக்கவில்லை. ஆனால் குளத்தை உயர்த்தியிருந்தது. காலையில், அந்த ஏழு ஐம்பத்தைந்துக்கு, வெளிச்சம் கோட்டைத் தொட்டபோது என் எண்ணிக்கை 2,710!

அத்தை ஊர்ப் பெரியவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். "எம் முறை வரவரச் சுருங்குதுங்க. பூண்டு பூராம் காயுது."

"கோடு போட்ட எடத்துலயேதான கெடக்கு? ஒங்க வாய்தான் நீளுது அத்தை" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அவருக்காக அல்ல, கணக்குக்காக.

"அவங்க சொல்றது நெசம்ங்க. தண்ணி எறங்குனா வெளிச்சமும் கீழ இருந்து ஏறணும். அதான் கோட்டத் தொட நேரமாவுது. நேத்து மூவாயிரத்து முந்நூத்தி அம்பது, இன்னைக்கு ரெண்டாயிரத்து எழுநூத்திப் பத்து. ஒரே ராத்திரியில சூரியனா மாறிருச்சு?"

அப்பா என் கையைப் பிடித்தார். "ஏலே, சோலியப் பாக்க வா."

"இருப்பா, பய சொல்லட்டும்" என்றார் பெரியவர். "அப்ப இம்புட்டு நாளா கூடுதல் தண்ணி யாருக்குடா போச்சு?"

வகுப்பில் விடை தெரிந்தவன்போல் கத்தினேன்: "எங்களுக்குத்தான்ங்க!"

அத்தை அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "இவன் ஒம் மவன்தானாய்யா?"

மறுநாளிலிருந்து கோட்டை யாரும் பார்க்கவில்லை. குளம் எவ்வளவு வற்றினாலும் எங்கள் முறை 2,600 எண்ணிக்கை, எண்ணுவதற்கு நான். காற்றோ உறைபனியோ, பாறைமேல் நின்று கடைசி நூறை உரக்க எண்ணுவேன். ஊரே காது கொடுக்கும். முடித்ததும் அப்பா மடையைத் திருப்பிவிடுவார். ஒரு நாளும் ஓர் எண் தாமதித்ததில்லை. அறுவடைவரை என் எண்ணிக்கையிலும் யாரும் குறை சொன்னதில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் முதுகு நிமிர்கிறது.

ஒன்றைத்தான் அந்த வயதில் கவனிக்கவில்லை. அந்தப் புதன்கிழமை விடியுமுன் அப்பா என்னை உலுக்கி எழுப்பியிருந்தார்.

"வெள்ளனே கெளம்பு. மேல மழ பெஞ்சிருக்கு, இன்னைக்கு வெளிச்சம் வெரசாத் தொட்டுரும்."

அது அவருக்கு எப்படித் தெரியும் என்று, அத்தனையும் எண்ணிய நான் கேட்கவில்லை.

அந்த அறுவடையில் எங்கள் வயலில் காய்ந்துபோனவை பதினான்கு பாத்தி.