இரண்டாம் நாள் பிற்பகல் வினாத்தாள்

பொறியியல் நுழைவுத் தேர்வுக்காகக் கோட்டாவில் தங்கிப் படித்த இருபத்திரண்டு மாதங்களில், கும்கும் தாகட் நாற்பத்தாறு பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்திருந்தாள். சராசரி முந்நூற்றுக்கு 164. வேளைக்கொரு தாளாகப் பல ஷிப்டுகளில் நடந்த ஜனவரித் தேர்வில் அவளுக்கு விழுந்தது இரண்டாம் நாள் பிற்பகல் ஷிப்ட். கணக்கு இழுத்த இழுப்பில் இருபத்தைந்தில் பதினொன்றுதான் தொட முடிந்தது. விடைக்குறிப்பு வந்ததும் கூட்டிப் பார்த்தாள்: 127. முதல் நாள் காலை எழுதிய அறைத்தோழி சார்விக்கு 171.

பாரானில் இருந்த அப்பாவை அப்போதே போனில் அழைத்தாள். "வந்து கூட்டிட்டுப் போயிடுங்கப்பா. ஏப்ரல்ல ரெண்டாவது வாய்ப்பு இருந்தாலும் மறுபடி எழுத என்னால முடியாது."

"உன் ஷிப்டுல எல்லாருக்கும் கஷ்டம்தானேடி," என்றாள் சார்வி. "கூட எழுதினவங்கள்ல நீ எத்தனை பேரைத் தாண்டினேன்னுதானே பாப்பாங்க."

"171 வாங்கினவ வாய்க்கு இதெல்லாம் நல்லாத்தான் வரும்."

அடுத்த ஆறு நாளும் கும்குமால் உட்கார முடியவில்லை. மாடிக்கு ஏறினாள், இறங்கினாள், மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

ஏழாம் நாள் காலை அப்பா வந்து படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தபோது முடிவு வெளியானது. அவளுடைய ஷிப்டில் எழுதியவர்களில் நூற்றுக்கு 98.6 பேர் அவளுக்குப் பின்னால் இருந்தார்கள். சார்விக்கு அவளுடைய ஷிப்டில் 97.9. சார்வி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"கட்டவா, அவுக்கவா?" என்றார் அப்பா.

"அவுத்துடுங்கப்பா," என்ற கும்கும் நகத்தைக் கடித்தாள். "ஏப்ரல்ல சுலபமான தாள் வந்துட்டா என்னப்பா பண்றது?"