அடுத்த மேசை வடை

காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒன்றாகச் சேர்த்து, பதினோரு மணிக்கு வெளியே போய்ச் சாப்பிடுவதற்கு இப்போது 'பிரஞ்ச்' என்று பெயராம். கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் சொல்கிறாள், ஏதோ அவளே கண்டுபிடித்த மாதிரி. ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கிய மறுவருஷமே நாங்கள் அதைச் செய்துவிட்டோம். பெயர் வைக்கத்தான் நேரமில்லை.

நாங்கள் என்றால் மூன்று பேர். நீலகிரியில் கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தோம். நானும் என் தோழியும் சிலோன்காரர்கள். அங்கேயும் ஒரே தோட்டம், வந்ததும் ஒரே கப்பல், இங்கேயும் லயம் என்கிற ஒரே வரிசைவீட்டில் அடுத்தடுத்த அறை. மூன்றாவது ஆள் மேட்டுப்பாளையத்துக்காரி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் பஸ் ஏறி, ஊட்டியில் ஏதாவது ஒரு ஓட்டலில் போய் உட்காருவோம். எந்த ஓட்டல் சாம்பாரில் முருங்கைக்காய் கிடக்கும், எந்த ஓட்டல் சாம்பாரில் அதன் வாசனை மட்டும் அடிக்கும் என்பதெல்லாம் மேட்டுப்பாளையத்துக்காரிக்கு அத்துப்படி. நாங்கள் தேத்தண்ணி கேட்டால் டீ என்று திருத்துவாள். திருத்தட்டும் என்று விட்டுவிடுவோம். பில்லை அவள்தான் சரிபார்ப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பாடு சாக்கு. என் தோழியைப் பெண் பார்க்க கூடலூர்ப் பக்கம் ஓவேலியிலிருந்து, எங்களைப் போலவே சிலோனிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வருவதாக ஏற்பாடு. எங்கள் லயத்தில் குடும்பத்துக்கு ஒரே அறை. மாப்பிள்ளை வீட்டார் உள்ளே உட்கார்ந்தால் பெண் வாசலில்தான் நிற்க வேண்டும். அதனால் தரகர் ஒரு யோசனை சொன்னார். பெண் தோழிகளோடு சாப்பிட வந்த மாதிரி ஊட்டி ஓட்டலுக்கு வரட்டும். அவர்களும் சாப்பிட வந்த மாதிரி வந்து பார்த்துக்கொள்ளட்டும். பிடித்தால் பேச்சு, பிடிக்காவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று கேட்டதற்கு, "அவங்ககிட்ட உங்க அடையாளத்தச் சொல்லியிருக்கேன், அது போதும்" என்றுவிட்டார்.

வருத்தமில்லை என்று அவர் சுலபமாகச் சொன்னார். என் தோழிக்கு இருபத்தேழு வயது. அதற்குமுன் மூன்று பேர் வந்து பார்த்து, கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். இதுவும் தட்டிப்போனால் கோத்தகிரிப் பக்கம் ஐம்பது வயது ஆள் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிடுவதென்று அவள் மாமன் வாக்குக் கொடுத்திருந்தார். முந்தின இரவெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புரண்டு புரண்டு படுத்தது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பஸ்ஸில் மேட்டுப்பாளையத்துக்காரி பாடம் எடுத்தாள். "பாத்துக்கோ அம்மிணி, ஒரு இட்லியப் பத்துத் துண்டாப் பிச்சுத் தின்னோணும். அதுலயும் பாதிய வெச்சுப்போடோணும். அப்பத்தான் அடக்கமான புள்ளைன்னு நெனப்பாங்க."

என் தோழி தலையாட்டினாள். ஆனால் அவளுக்குப் பயம் வந்தால் பசி வரும். அதை நான் மேட்டுப்பாளையத்துக்காரியிடம் சொல்லவில்லை.

ஓட்டலில் நல்ல கூட்டம். எங்களை உற்றுப் பார்ப்பவர்கள் யாருமில்லை. இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்தோம். மேட்டுப்பாளையத்துக்காரி கை கழுவப் போனாள். அந்த நேரம் பார்த்து சர்வர் ஒரு பெரிய தட்டு நிறைய சுடச்சுட வடையைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார்.

எங்களுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சிலோனில் தேத்தண்ணிக் கடைக்குப் போனால் இதுதான் வழக்கம். யாரும் எதையும் கேட்கவே வேண்டாம். வடையும், பணிஸ் என்று நாங்கள் சொல்லும் பன்னும் தட்டு நிறைய மேசைக்கு வந்துவிடும். வேண்டியதைத் தின்றுவிட்டு, தின்றதற்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு எழுந்து போகலாம். இந்த ஊரில் எல்லாவற்றையும் எண்ணி எண்ணிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று இரண்டு வருஷமாகப் புலம்பியவர்கள் நாங்கள்.

"ஒருவழியா நம்ம பழக்கம் இங்கயும் வந்திருச்சி புள்ள," என்றாள் என் தோழி. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் பசியாறிக்கொள்வோம் என்று தொடங்கினோம். நான் நான்கு. அவள் ஆறு. ஆறாவது வடை அவள் வாயில் இருந்தபோதுதான், அடுத்த மேசைப் பட்டுச்சேலை அம்மாள் எங்களையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பதைக் கண்டேன். பக்கத்தில் கைக்கடிகாரம் கட்டிய மகன். அவனும் பார்த்தான். நெற்றி நிறைய விபூதியோடு இருந்த அப்பாவும் பார்த்தார்.

"அடியே, இவங்கதான்," என்று அவள் தொடையில் கிள்ளினேன். அவள் வடையை அப்படியே விழுங்கி, தலைப்பைச் சரிசெய்து, கண்ணில் நீர் முட்ட அந்த மகனைப் பார்த்து நாணமாகச் சிரித்தாள். அவன் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தான்.

அம்மாள் எழுந்து வந்தார். "ஏனுங்க, அது எங்க வடைங்க. ஊருக்குக் கொண்டுபோக, எண்ணித் தூக்குல போட்டுக்கறமுன்னு சொல்லி வெச்சிருந்தமுங்க."

என் தோழியின் முகம் செத்துப்போனது. "போச்சு. மாமன் சொன்ன ஆளுதான் எனக்கு," என்று முணுமுணுத்தாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்ததே கோபம்! கோபம் வந்தால் எனக்கு முன்னே பின்னே தெரியாது. எழுந்து நின்றேன்.

"பொண்ணு பாக்க வந்தா பொண்ணப் பாருங்க! வடைய என்னத்துக்கு எண்ணுறீங்க?"

"எந்தப் பொண்ணுங்க?" என்றார் அந்த அம்மாள். "எம் பையனுக்கு ரெண்டு கொழந்தை இருக்குதுங்க."

ஓட்டலே திரும்பிப் பார்த்தது. கை கழுவி வந்த மேட்டுப்பாளையத்துக்காரி பாதி வழியில் நின்று, எங்களை யாரென்றே தெரியாதவள் போலச் சுவர்க் காலண்டரைப் படிக்கத் தொடங்கினாள். அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சர்வர், பட்டுச்சேலை அம்மாளைச் சமாதானம் செய்ய இன்னொரு தட்டு வடையோடு ஓடிவந்தவர், சண்டை முற்றியதைப் பார்த்து அதை மூலை மேசையில் வைத்துவிட்டு எங்கள் நடுவில் புகுந்தார். பட்டுச்சேலைக்காரர்கள் வடையைக் கேட்டார்கள், நான் கத்தினேன், சர்வர் கும்பிட்டார். எப்படியோ ஓய்ந்தது. வேறு தட்டு தருகிறேன் என்று சொல்லி மூலைப் பக்கம் திரும்பியவர், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட, நீங்களுமாங்க?"

மூலை மேசையில் ஓர் அம்மாள், ஓர் இளைஞன். தட்டில் மூன்று வடை மட்டும் மிச்சம். அந்த அம்மாள் கொஞ்சமும் அசையவில்லை.

"மேசையில தட்டக் கொண்டாந்து வச்சா என்னா அர்த்தம்? தின்னுன்னுதானே அர்த்தம்? தின்னதுக்குக் காசு குடுத்துட்டுப் போறோம்," என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. அது எங்கள் சிலோன் பேச்சு. ஓவேலிக்காரர்கள் இவர்கள்தான். நாங்கள் வந்த நிமிஷத்திலிருந்து எங்களுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். நான் கத்தியதையும் சேர்த்து. என் தோழியின் வாழ்க்கையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது.

அந்த அம்மாள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். வடை தின்றது நான்தான், அவள் ஒன்றுகூடத் தொடவில்லை என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் தோழி எழுந்துவிட்டாள்.

"ஆறு வடை தின்னது நான்தான்ங்க. காலையில இருந்து சாப்பிடல. பயத்துல தின்னுட்டேன்."

அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு திரும்பி மூலையில் இருந்த மகனைப் பார்த்தார். அவன் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அவன் எட்டு," என்றார். "அவனுக்கும் பயம்தான். உக்காரு புள்ள, இந்த மூணையும் தின்னு. பொறவு பேசுவோம்."

கோத்தகிரி ஆளுக்கு அன்று சாயங்காலமே, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவள் மாமனே ஆள் அனுப்பினார்.