நாயின் பங்கு

“ஒரு பண்டியிலை நாய்க்கு எத்தினை பங்கு?”

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ஒரு மரக்கறிக் கடை வாசலில் நின்று யேசுரட்ணம் எங்களிடம் கேட்ட கேள்வி இது. பண்டி என்று அவர் சொன்னது பன்றியை. எனக்கு விடை தெரியவில்லை. அப்போதுதான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். தெரியாததற்கெல்லாம் சிரிப்பது என் வழக்கம். சிரித்தேன். பிறகுதான் நடந்ததைக் கேட்டு அறிந்தேன்.

யேசுரட்ணம் மன்னார்ப் பக்கத்தவர். எண்பத்தைந்தாம் ஆண்டு பாரிசுக்கு வந்தார். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில், நாலாம் மாடி அறையொன்றில் வேறு ஐந்து பேரோடு இருந்தார். கிழமை நாட்களில் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒரு துண்டுக் காகிதந்தான் கையில். ஆள் சிறியவர். ஆனால் மெத்ரோ ரயிலில் யாராவது இடித்துவிட்டுப் போனால், நின்று, இடித்தவர் மன்னிப்புக் கேட்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவரை வேட்டைக்குக் கூப்பிட்டவர் அந்துவான். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன், தபால் நிலைய ஊழியர். வேட்டைத் துப்பாக்கிக்கு அனுமதி வைத்திருந்தார். பாரிசுக்குக் கிழக்கே இசபெல் என்ற பெண்ணின் பண்ணை இருந்தது. சில வருடங்களுக்கு முன் அங்கே பட்டியை உடைத்துக்கொண்டு ஓடிய பன்றிகள் காட்டுப் பன்றிகளோடு கலந்து பெருகி, இப்போது அவளுடைய சோளத்தையே உழுது தின்றன. அந்துவானோடு சேர்த்து ஒன்பது துப்பாக்கிக்காரர்கள் ஞாயிறுதோறும் அங்கே போவார்கள். பன்றியைப் புதரிலிருந்து விரட்டிக் கலைத்துவிட ஓர் ஆள் தேவைப்பட்டது. கூலி இல்லை, இறைச்சியில் ஒரு பங்கு.

“ஏம்பா யேசு, துப்பாக்கி கெடையாது. நாயோட புதருக்குள்ள பூந்து சத்தம் போடணும். பயமா?”

“பண்டிக்கோ, வெள்ளைக்காரனுக்கோ?”

“ரெண்டுக்குந்தான்.”

“ரெண்டுக்கும் இல்லை, அண்ணை.”

அறையில் இருந்தவர்களிடம், “சனிக்கிழமையே கறித்தூளை இடிச்சு வையுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு ஒரு பன்றி சோளத்துக்குப் பக்கத்திலிருந்த முட்புதருக்குள் படுத்துவிட்டது. வேட்டைக்காரர்களின் நாய்கள் புதரின் விளிம்போடு நின்று குரைத்தன. உள்ளே போனது இசபெலின் கிழட்டுப் பெட்டை நாய் மட்டுந்தான். அதன் பின்னால், ஒரு தகர டின்னைத் தட்டிக்கொண்டு, யேசுரட்ணம் தவழ்ந்து போனார். நாய் பன்றியின் முகத்துக்கு நேரே நின்று குரைத்தது. பன்றி வெளியே பாய்ந்தது. வேட்டைக்குத் தலைமை தாங்கிய சிவப்புத் தொப்பிக்காரன் சுட்டு விழுத்தினான். முள் கிழித்த கன்னத்தோடு யேசுரட்ணம் வெளியே வந்தார்.

பண்ணை முற்றத்தில் தறப்பாள் விரித்துப் பங்கு பிரித்தார்கள். இசபெல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சிவப்புத் தொப்பிக்காரன் ஒரு குவியலைக் கத்தியால் தொட்டு, “இது யாருக்கு?” என்று கேட்க, அவள் பாராமலே ஒரு பெயரைச் சொல்வாள். யாரும் குறை சொல்ல முடியாது. யேசுரட்ணத்தின் முகம் மலர்ந்தது. ஊரில் அவருடைய ஆட்களும் இப்படித்தான் பிரிப்பார்கள். அவர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. தன் பங்கைத் தன் வாயால் கேட்பது கேவலம். அது கேளாமலே வரும். நாய்க்கு வாயில்லாததால் நாயின் பங்கை மட்டும் கேட்கலாம்.

அதனால் அவர் கேட்டார். “அண்ணை, நாயின்ரை பங்கு எங்கையெண்டு கேளுங்கோ.”

அந்துவான் கேட்டார். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிவப்புத் தொப்பிக்காரன் ஒரு துண்டு ஈரலை நாய்க்கு எறிந்தான். ஒன்பது பெயர்கள் சொல்லப்பட்டன. ஒன்பது குவியல்களும் முடிந்தன. பிறகு அவன் பன்றியின் தலையையும் கால்களையும் சப்பாத்துக் காலால் யேசுரட்ணத்தின் பக்கம் தள்ளினான்.

“இதான் உன்னோடதாம். உங்க ஆளுங்க இதத்தான் விரும்பித் தின்னுவாங்களாம்” என்றார் அந்துவான், நிலத்தைப் பார்த்தபடி.

“பங்கெண்டெல்லோ சொன்னனியள்?”

“வாங்கிக்கினு வாப்பா. உனக்கு இன்னும் பப்பியே, அந்த அகதிக் காகிதம், வரல. ழாந்தார்ம் போலீஸ் வந்தான்னா மொதல்ல யாரக் கேப்பான்? என்னையா?”

யேசுரட்ணம் தறப்பாளில் முழங்காலிட்டார். இரண்டு கைகளாலும் ஒன்பது குவியல்களையும் வழித்து ஒன்றாகக் குவித்தார். கத்தினார்கள். சிவப்புத் தொப்பிக்காரன் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தான். அவர் எழும்பவில்லை.

“அண்ணை, நான் சொல்லுறதை ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ. பண்டி தானாய் வந்து துவக்குக்கு முன்னாலை நிக்கேல்லை. நானும் இந்த நாயும் முள்ளுக்குள்ளை போய்க் கலைச்சது. பத்து ஆள், ஒரு நாய். பதினொண்டாய்ப் பிரியுங்கோ. இல்லாட்டி ழாந்தார்மைக் கூப்பிடுங்கோ. இஞ்சையே இருக்கிறன். பேர் யேசுரட்ணம். வந்தவனுக்கு நானே சொல்லுறன்.”

அந்துவான் சிவப்புத் தொப்பிக்காரனோடு பன்னிரண்டு வருடம் வேட்டையாடியவர். பாதியை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை, முழுவதையும் சொன்னார்.

இசபெல் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பன்றி தின்றது என் சோளத்தை. பதினொன்றாகப் பிரியுங்கள். எனக்குக் கழுத்து வலிக்கிறது” என்றாள்.

பிரித்தார்கள். யேசுரட்ணத்துக்கு விழுந்தது விலாப் பக்கம். நாய்க்கு விழுந்தது நல்ல தொடை. ஒருவன் ஏதோ முணுமுணுத்தான். யேசுரட்ணம் அவசரப்படாமல், அத்தனை பேருக்கும் முன்னால், தொடையை வெட்டி வெட்டி நாய்க்குக் கொடுத்தார். அது வயிறு முட்டிப்போய் விலகியதும் மிச்சத்தை இசபெலிடம் நீட்டினார். “நாளைக்கும் அதுக்குத்தான்” என்பதையும் மொழிபெயர்க்கச் சொன்னார்.

படலை வாசலில் இசபெல் கைகொடுத்தாள். அடுத்த ஞாயிறு அவர் வரவேண்டாம் என்றாள். அவர் வந்தால் துப்பாக்கிக்காரர்கள் வரமாட்டார்களாம். அவர் தலையாட்டிவிட்டு, பங்கைச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டார். தலையும் காலும் முற்றத்திலேயே கிடந்தன.

காரில் திரும்பும்போது, பாரிஸ் எல்லை வந்ததும் அந்துவான், “என் பங்குல எலும்புதான்டா ஜாஸ்தி” என்றார்.

“சொல்லியிருந்தால் இன்னொருக்கால் குவிச்சு விட்டிருப்பன், அண்ணை.”

அன்று அந்துவானும் நாலாம் மாடிக்கு ஏறிப்போய்ச் சாப்பிட்டார். மறுநாள்தான் யேசுரட்ணம் கடை வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார். நாங்கள் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து விடையையும் அவரே சொன்னார்.

“ஒண்டு. கலைச்ச மனிசனுக்கும் ஒண்டு. ஊரிலை அது கேளாமல் வரும். இஞ்சை வாயாலை கேக்கோணும்.”

காகிதம் வராமல் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு இதைச் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். யேசுரட்ணம் என்ற பெயரை மறைக்க வேண்டாம். அன்று அந்த முற்றத்தில் அவரே மறைக்கவில்லை.