போர்மேன் வீட்டு உருளைக்கிழங்கு

என் பையில் ஒரு பச்சை ரப்பர் பந்து இருந்தது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கை விளங்காமல் போனவர்கள் அமுக்கிப் பழக மருந்துக்கடையில் விற்கிறார்களே, அந்தப் பந்து. நடுவில் ஓடும் ஒட்டுக்கோட்டில் மண் ஏறிக் காய்ந்திருந்தது. நான் ஊர் மாறும்போதெல்லாம் ஏதாவது தொலையும். போர்வை, பாத்திரம், ஒரு முறை செருப்புகூட. பந்து மட்டும் தொலைந்ததில்லை. அது போர்மேனுடையது.

அவரைப் பழகிய காலத்தில் முகப்பேரில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்கு நான் வாட்ச்மேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், ஓட்டலில் தட்டு கழுவுவது, கல்குவாரி என்று கிடைத்ததைச் செய்தேன். எந்த ஊரிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. பக்கத்துத் தரைத்தள வீட்டில் போர்மேனும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்துப் போர்மேன் ஆனவர், ஆடி மாதத்தில் ஒரு காலை பல் துலக்கும்போது விழுந்தார். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன, காலும் நிற்கவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்க ஆள் வேண்டும் என்று அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். அவரை நான் அக்கா என்றுதான் அழைப்பேன். காலையும் மாலையும் போவேன். இட்லியோ உப்புமாவோ தட்டில் இருக்கும்.

இந்தச் சில மாதங்களுக்குள் கையை அசைத்துப் பழக்கிவிட வேண்டும், விட்டால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குத்தான் பந்து. அக்கா அதை வலது உள்ளங்கையில் வைப்பார். போர்மேன் இடது கையால் எடுத்து எறிவார். கட்டிலுக்கு அடியில் குனிந்து அதைத் தேடுவது என் வேலைகளில் ஒன்றானது. அவருக்குத் தெளிவாக வந்த ஒரே சொல் "வேணாம்." இரும்பைத் தொட்டே கனம் சொன்ன கையைப் பொம்மைப் பந்து அமுக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவர் கோபம் மட்டும்தான்.

உருளைக்கிழங்கு யோசனை அக்காவுடையது. போர்மேன் கோத்தகிரிப் பக்கத்துக்காரர். "அவங்க ஊர்ல கிறிஸ்மஸ்ஸுக்குப் புதுக் கிழங்கு அவிச்சுத் துன்னுவாங்களாம் தம்பி. தோலு பேப்பர் மாரி இருக்குமாம். கத்தியே வேணாவாம், கட்டவெரலால தேச்சா வந்துடுமாம். அந்தக் கிழங்கைக் கண்டா இந்த மனுசன் தேய்க்காமயா பூடுவாரு?" பந்து செய்யாததைக் கிழங்கு செய்யும் என்று அவர் நம்பினார். கடைக் கிழங்கின் தோல் தடித்துவிடும். மண்ணிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக இருக்க வேண்டும்.

"கவலைய விடுக்கா, நான் ஊட்டியில கிழங்கு வேலை பார்த்தவன்" என்றேன். பொய்யில்லை. ஒரு பருவம் அங்கே கிழங்கு தோண்டி மூட்டை பிடித்திருக்கிறேன். நடவை மட்டும் கண்ணால் பார்த்ததில்லை. அதை நான் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்ததும் வீட்டின் பின்பக்கம் வெயில் விழும் சந்தில் சிமெண்ட் சாக்குகளில் மண் நிரப்பினோம். கண்ணில் முளைவிட்ட கிழங்குகளை வெட்டி, வெட்டிய ஈரத்தோடே புதைத்துத் தண்ணீரும் ஊற்றினேன். நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த போர்மேன் கைத்தடியால் சுவரை அடித்தார். "வேணாம், வேணாம்." அக்காவுக்கு அலுத்துவிட்டது. "எல்லாத்துக்கும் வேணாவா? உனக்காகத்தான்யா நடறோம்" என்று நாற்காலியை வீட்டுக்குள் பார்க்கத் திருப்பி வைத்தார். தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவர் எட்டிப்பார்த்து, "இன்னா மாமே, ஊட்டியை முகப்பேருக்கு இட்டாந்துட்டியா?" என்றார்.

மூன்று வாரம் ஒன்றும் முளைக்கவில்லை. மழை பிடித்தது. அப்புறம் நாற்றம். சாக்கைக் கவிழ்த்தபோது கிழங்கு இருந்த இடத்தில் கூழ்தான் இருந்தது. அக்கா ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை. "அக்கா, நான் தோண்டினதோட சரி. நட்டது கெடையாது."

"அடப்பாவி! மூணு வாரமா ஊட்டி ஊட்டின்னு அளந்துகினு இருந்தியேடா!"

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினோம். போர்மேன் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் விரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆடிக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்து, கிழங்குக் கூடையையும் கத்தியையும் ஜாடையில் கேட்டார். ஒரு கிழங்கைத் தொடைமேல் வைத்து, வலது கையை இடது கையால் தூக்கி அதன்மேல் கனத்துக்கு வைத்தார். அது உருளாமல் நின்றது. இடது கையால் வெட்டினார். பிறகு தேய்ப்பு வண்டியைக் கைகாட்டினார். இஸ்திரிப் பெட்டியின் கரிச்சாம்பல் வேண்டும் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெட்டுவாயில் சாம்பலைத் தடவி, செய்தித்தாளில் பரப்பி, மூன்று விரலைக் காட்டினார். மூன்று நாள் காய வேண்டும். கிழங்குக்காரர் வீட்டில் பிறந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச வராது என்பதால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

ஐப்பசி கடைசியில் மழை விட்ட இடைவெளியில் மறுபடி நட்டோம். கிறிஸ்மஸுக்கு ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். சாக்குகளுக்கு மேலே ஒரு பழைய கல்யாண பேனரைக் கட்டினேன். முகம் தெரியாத மாப்பிள்ளையும் பெண்ணும் கார்த்திகை முழுக்க எங்கள் கிழங்குக்காக நனைந்தார்கள். நட்ட அன்றே பந்து காணாமல் போனது. அக்கா வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினார். போர்மேன், "வேணாம்" என்றார்.

செடி உயர உயரச் சாக்கின் மடிப்பை ஏற்றி மண் அணைக்க வேண்டும். அதை அவர் என்னிடம் விடவில்லை. முதலில் வலது கையின் மூடிய முஷ்டிப் பக்கவாட்டால் மண்ணைத் தள்ளினார். கார்த்திகையில் சுண்டுவிரல் பிரிந்தது. மார்கழியில் ஒரு பிடி மண்ணை அள்ளி, பாதியைச் சிந்தி, மீதியைத் தண்டோரம் போட்டார். கிறிஸ்மஸ் அன்று பிரியாணி செய்தார்கள். சாப்பாட்டை விட்டு அவர் இரண்டு முறை பின்பக்கம் போக ஜாடை காட்டி என்னைத் தூக்க வைத்தார்.

பொங்கல் முடிந்த வாரம், இலை வெளுக்கும் முன்பே, கையைச் சாக்குக்குள் விட்டார். வலது கையை. நான் சாக்கைச் சாய்த்துப் பிடித்தேன். பதினொரு கிழங்கு. பெரியதே கோழிமுட்டை அளவுதான். பன்னிரண்டாவதாக வெளியே வந்தது பச்சையாக இருந்தது.

"யோவ்! இதை நட்டது நீதானா?" என்று அக்கா தலையில் கை வைத்தார்.

சாம்பல் கொடுத்த உரிமையில் வந்து நின்ற தேய்ப்புக்காரர், "ரப்பர் கிழங்கு சூப்பரா காச்சிருக்குது அண்ணாத்தே! விதைக்கு ஒண்ணு குடு" என்றார். போர்மேன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அப்புறம் ஒரு கிழங்கை வலது கையில் எடுத்துக்கொண்டார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. கட்டைவிரல் அதன்மேல் சற்று நேரம் சும்மா கிடந்தது. பிறகு நகர்ந்தது. நகத்தளவு தோல் சுருண்டு விலகி, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அக்கா குழாயடிக்குத் திரும்பிக் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார். உப்பும் பச்சைமிளகாயும் சேர்த்து மசித்த கிழங்கில் எனக்கும் பங்கு வந்தது. கிளம்பும்போது போர்மேன் பந்தை என் கையில் அமுக்கினார். "வேணாம்" என்றார்.

அடுத்த கோடையில் வழக்கம்போல நான் ஊரை விட்டுக் கிளம்பினேன். அவர் சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறார் என்று அக்கா ஒரு முறை போனில் சொன்னார். சில வருடம் கழித்து அவர் போய்ச் சேர்ந்ததும் போனில்தான் தெரிந்தது. அப்போது நான் ஓசூரில் இருந்தேன். போக முடியவில்லை.

இப்போது மாங்காட்டில் ஒரு அடுக்குமாடிக்கு வாட்ச்மேன். வந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, கால் பரபரக்கிறது. போன வாரம் பம்ப் ரூம் பக்கம் இரண்டு சாக்கு வைத்து, வெட்டிச் சாம்பல் தடவி மூன்று நாள் காய்ந்த கிழங்குகளை நட்டேன். மண்ணை மூடும் முன் பையிலிருந்து பந்தை எடுத்து ஒரு சாக்கின் அடியில் வைத்தேன். அதை விட்டுவிட்டு என்னால் ஊர் மாற முடியாது. தை வரை இங்கேதான் இருப்பேன்.